சிடி-ல கட்டி இருக்கு, ரத்த டெஸ்ட் நெகட்டிவ்: ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளான்டுக்கு அப்புறம் நுரையீரல் ஃபங்கஸை எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

நீங்க கேட்டிருந்தது இதுதான். அண்ணனுக்கு லுக்கேமியாவுக்காக ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணி 74 நாள் ஆச்சு, செல் கொடுத்தது தங்கச்சி, குடல்ல ஜிவிஎச்டி (கொடுத்தவங்களோட செல் வாங்கினவர் உடம்பையே தாக்கறது) வந்ததால ஒரு மாசமா ஸ்டீராய்டு ஓடிட்டிருக்கு, கூடவே ஃபங்கஸ் வராம இருக்க போசகோனசோல் மாத்திரை. நாலு நாளா இருமல், காய்ச்சல்னு பெருசா எதுவும் இல்ல. எக்ஸ்ரே நார்மல், ஆனா சிடி-ல மூணு கட்டி மாதிரி தெரியுது. ரத்தத்துல ஃபங்கஸை தேடற கேலக்டோமேனன் டெஸ்ட் நெகட்டிவ். டாக்டர் "ஃபங்கஸா இருக்கலாம், மருந்தை மாத்தறோம், நாளன்னைக்கு ப்ராங்கோஸ்கோப்பி, அதாவது நுரையீரலுக்குள்ள டியூப் விட்டு பார்க்கிறது, பண்ணனும்"னு சொல்றார். டெஸ்ட் நெகட்டிவ்னா அப்புறம் ஏன் ஃபங்கஸ்ங்கிறாங்க, ஏன் ஒரு வார்த்தை உறுதியா சொல்ல மாட்டேங்கிறாங்க, பிளேட்லெட் 32 ஆயிரம்தான் இருக்குன்னும்போது டியூப் விடறது அவசியமா, இந்த மூணும்தான் உங்க கேள்வி.

ட்ரான்ஸ்பிளான்ட் வார்டுலேர்ந்து வர்ற சளி, நுரையீரல் கழுவின தண்ணி, திசு இதுலெல்லாம் ஃபங்கஸ் தேடறதுதான் ரொம்ப வருஷமா என் வேலை, மைக்ரோபயாலஜி டாக்டர். அண்ணனோட சிடி-யை நான் பார்க்கல, பக்கத்துல இருந்து பார்க்கிறவங்க எடுக்கிற முடிவுதான் முடிவு. ஆனா அவங்க மனசுக்குள்ள என்ன கணக்கு ஓடுதுன்னு என்னால சொல்ல முடியும். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், ப்ராங்கோஸ்கோப்பியை தள்ளிப்போடச் சொல்லி கேக்காதீங்க, நாளன்னைக்குங்கிறதை நாளைக்கே பண்ண முடியுமான்னு கேளுங்க. ஏன்னு விரிவா எழுதறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஆஸ்பர்ஜிலஸ்ங்கிற பூஞ்சையோட விதைத்தூள், ஸ்போர்னு சொல்வோம், வெறும் 2லேர்ந்து 3 மைக்ரான் சைஸ்தான். அவ்ளோ சின்னதுங்கறதால மூக்கு, தொண்டை எதுலயும் சிக்காம நேரா நுரையீரலோட கடைசி காத்துப்பை வரைக்கும் போயிடும். நீங்களும் நானும் தினமும் நூத்துக்கணக்குல இதை இழுத்துக்கிட்டுதான் இருக்கோம், ஒண்ணும் ஆகறதில்ல, ஏன்னா அங்க உட்கார்ந்திருக்கிற மேக்ரோஃபேஜ் செல்லுங்க ஸ்போரை முழுங்கிடும், அதையும் தப்பிச்சு முளை விட்டு நூலா வளர ஆரம்பிச்சா நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு வந்து கொன்னுடும். ட்ரான்ஸ்பிளான்ட்ல இந்த ரெண்டு காவலும் வேற வேற நேரத்துல போகுது. முதல் சில வாரம் நியூட்ரோஃபில் 500க்கு கீழ, சில நாள் பூஜ்யம்னே வரும், அது முதல் ஆபத்து காலம். அப்புறம் புது செல் பிடிச்சு கவுன்ட் ஏறி எல்லாரும் மூச்சு விடுற நேரத்துல ஜிவிஎச்டி வரும், ஸ்டீராய்டு ஏறும், அப்போ கவுன்ட் நார்மலா இருந்தாலும் செல்லுங்க சரியா வேலை செய்யாது, இது ரெண்டாவது காலம். அண்ணன் இப்ப இருக்கிறது இங்கதான்.

இதை ஏன் இழுத்து சொல்றேன்னா, ஒரே ஃபங்கஸ் இந்த ரெண்டு காலத்துலயும் வேற வேற முகம் காட்டும், டெஸ்டும் வேற வேற மாதிரி பேசும். நியூட்ரோஃபில் இல்லாத ஆள்கிட்ட ஃபங்கஸ் நூல் ரத்தக்குழாய்க்குள்ளயே துளைச்சு புகுந்து அதை அடைச்சிடும், அங்க திசு செத்துப்போகும், சுத்தி ரத்தம் கசியும், ஃபங்கஸோட துணுக்குகளும் ரத்தத்துல தாராளமா கலக்கும். ஸ்டீராய்டு எடுக்கிற, கவுன்ட் இருக்கிற ஆள்கிட்ட பல நேரம் ஃபங்கஸ் மூச்சுக்குழாயை ஒட்டியே பரவும், ரத்தக்குழாய்க்குள்ள அவ்வளவா போகாது, அதனால ரத்தத்துல தேடினா கிடைக்கிறதும் கம்மி. ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கிடும். அதனால "காய்ச்சலே இல்லையே"ங்கிற உங்க ஆறுதல் இங்க செல்லாது. வெறும் இருமல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுல ஒரு பக்கம் குத்தற வலி, சளியில ஒரு நூல் ரத்தம், இவ்வளவுதான் சில பேருக்கு மொத்த அறிகுறியும்.

எக்ஸ்ரே நார்மல்ங்கிறதை இந்த நிலைமையில யாரும் கணக்குலயே எடுக்கக்கூடாது. 1999ல வந்த ஒரு ஆய்வுல, நியூட்ரோஃபில் குறைஞ்சு ரெண்டு நாளுக்கு மேல காய்ச்சல் இருக்கிற, ஆனா எக்ஸ்ரே சுத்தமா இருக்கிற ஆளுங்களுக்கு மெல்லிசு துண்டா சிடி எடுத்துப் பார்த்தாங்க, சுமார் 60 சதவீதம் ஸ்கேன்ல நிமோனியா தெரிஞ்சது. அண்ணனுக்கு நாலாவது நாளே சிடி எடுத்தது ரொம்ப சரியான வேலை.

இப்ப அந்த சிடி-யை கொஞ்சம் பக்கத்துல வெச்சு பார்க்கலாம். நடுவுல கெட்டியா வெள்ளை உருண்டை, அதைச் சுத்தி புகை படிஞ்ச மாதிரி மங்கலா ஒரு வளையம் இருந்தா அதை ஹாலோன்னு சொல்வாங்க. நடுவுல இருக்கிறது செத்த திசு, சுத்தி இருக்கிற புகை கசிஞ்ச ரத்தம். ரிப்போர்ட்ல ஹாலோ இல்லைன்னு போட்டிருக்கிறதால சந்தோஷப்பட்டீங்க இல்லையா, அது எவ்வளவு சீக்கிரம் மறையுதுன்னு பாருங்க. 2001ல 25 பேரை நாள் கணக்கா ஸ்கேன் பண்ணி வந்த ஒரு ஆய்வுல, முதல் நாள் 24 பேருக்கு ஹாலோ இருந்துச்சு, ஒரு வாரத்துல பார்த்தா 22 சதவீதம் பேருக்குத்தான் மிச்சம். அதுவும் நியூட்ரோஃபில் இல்லாத ஆளுங்க. ஸ்டீராய்டு ஆளுங்ககிட்ட முதல்லேர்ந்தே இல்லாமலும் இருக்கலாம். 2007ல 235 பேரோட சிடி-யை வெச்சு வந்த பெரிய ஆய்வுல 1 சென்டிமீட்டருக்கு மேல உள்ள கட்டி 94 சதவீதம் பேருக்கு இருந்தது, ஹாலோ 61 சதவீதம் பேருக்குத்தான். அதே ஆய்வுல இன்னொண்ணும் தெரிஞ்சது, ஹாலோ இருக்கும்போதே மருந்து ஆரம்பிச்சவங்கள்ல 71 சதவீதம் பேர் 84வது நாள்ல உயிரோட இருந்தாங்க, ஹாலோ இல்லாம ஆரம்பிச்சவங்கள்ல 53. சீக்கிரம் பிடிச்சா பலன் அதிகம்னு நான் இதை எடுத்துக்கிறேன், வார்டுலயும் அப்படித்தான் எடுத்துக்கிறாங்க. உறுதியாகட்டும்னு காத்திருக்காம அன்னைக்கே மருந்தை மாத்தறது இதனாலதான்.

சிடி-ல வேற சில ஜாடையும் உண்டு. ஹாலோவுக்கு நேர்மாறா, நடுவுல புகை, சுத்தி கெட்டி வளையம்னு இருந்தா மியூக்கர்ங்கிற வேற வகை ஃபங்கஸா (கருப்பு பூஞ்சைன்னு சொல்றாங்களே, அது) இருக்குமோன்னு சந்தேகம் வரும், பத்துக்கு மேல கட்டி, நெஞ்சுல நீர், கூடவே சைனஸ் தொந்தரவு இருந்தாலும் அதே சந்தேகம்தான். கட்டியே இல்லாம ரெண்டு பக்கமும் பரவலா மூடுபனி மாதிரி இருந்தா நியூமோசிஸ்டிஸ்ங்கிற இன்னொரு ஃபங்கஸா இருக்குமோன்னு யோசிப்பாங்க. இங்க ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: அண்ணனுக்கு அதைத் தடுக்கிற கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை போகுதா, இல்ல கவுன்ட் குறையுதுன்னு நடுவுல நிறுத்தி வேற எதுக்காவது மாத்திட்டாங்களா? நிறுத்தின ஆள்கிட்டதான் நியூமோசிஸ்டிஸ் வரும், ஒழுங்கா எடுக்கிறவங்களுக்கு ரொம்ப அபூர்வம். சிகிச்சை ஆரம்பிச்சு கவுன்ட் ஏறும்போது கட்டிக்குள்ள பிறை மாதிரி காத்து தெரியும், அது பெரும்பாலும் ரெண்டு மூணு வாரம் கழிச்சு வர்ற அடையாளம், கண்டுபிடிக்க உதவாது.

ஆனா எவ்வளவு அனுபவமான ரேடியாலஜிஸ்டா இருந்தாலும் சிடி-யை வெச்சு பேர் சொல்ல முடியாது. நோகார்டியான்னு ஒரு பாக்டீரியா, டிபி, சூடோமோனாஸ், ரத்தக்குழாய் லைன்லேர்ந்து போய் ஒதுங்கின கிருமி, ட்ரான்ஸ்பிளான்டுக்கு அப்புறம் ஈபிவி வைரஸால வர்ற லிம்ஃபோமா, கிருமியே இல்லாத அழற்சி நிமோனியா, இது எல்லாமே கட்டியா தெரியும். இதுல சிலதுக்கு ஸ்டீராய்டை ஏத்தணும், ஃபங்கஸ்னா முடிஞ்ச வரைக்கும் இறக்கணும். தப்பான பக்கம் போனா என்னாகும்னு நினைச்சுப் பாருங்க.

சரி, அந்த நெகட்டிவ் டெஸ்ட். கேலக்டோமேனன்ங்கிறது ஆஸ்பர்ஜிலஸோட செல் சுவர்ல இருக்கிற ஒரு சர்க்கரை, வளரும்போது உதிர்ந்து வெளிய வரும், அதைத்தான் அளக்கறோம். வர்ற நம்பர் இன்டெக்ஸ், அதாவது லேப்ல வெச்சிருக்கிற ஒரு கன்ட்ரோலோட ஒப்பிட்டு வர்ற விகிதம். கிட் போட்டிருக்கிற கோடு 0.5. உலக அளவுல ஆராய்ச்சிக்காக 2020ல திருத்தின வரையறையில ரத்தத்துல ஒரே சாம்பிள்னா 1.0 வேணும்னு ஏத்திட்டாங்க. அதனால ரிப்போர்ட்ல பாசிட்டிவ் நெகட்டிவ்ங்கிற வார்த்தையை மட்டும் பார்க்காதீங்க, நம்பரை கேட்டு வாங்குங்க. 0.1ம் நெகட்டிவ்தான், 0.45ம் நெகட்டிவ்தான், ரெண்டும் எனக்கு ஒண்ணில்ல.

இந்த டெஸ்ட் நல்லா வேலை செய்யறது நியூட்ரோஃபில் இல்லாத, ஃபங்கஸ் மருந்து எதுவும் ஓடாத ஆள்கிட்ட. அண்ணன் ரெண்டுலயும் சேர மாட்டார். கவுன்ட் இருக்கு, போசகோனசோல் போகுது. மருந்து ஃபங்கஸை முழுசா கொல்லலைன்னாலும் அது வளர்ற வேகத்தை மட்டுப்படுத்தும், வளர்ச்சி மட்டுப்பட்டா சர்க்கரை உதிர்றதும் குறையும், டெஸ்ட் நெகட்டிவ் ஆகும், ஃபங்கஸ் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். இதனாலதான் 2016ல வந்த அமெரிக்க தொற்றுநோய் சங்கத்தோட வழிகாட்டியிலயே, இந்த மாதிரி தடுப்பு மருந்துல இருக்கிறவங்களுக்கு ரத்த கேலக்டோமேனனை வழக்கமா எடுத்து எடுத்து பார்க்க வேண்டாம்னு எழுதியிருக்காங்க. இன்னொரு பக்கமும் இருக்கு. அண்ணனுக்கு குடல்ல ஜிவிஎச்டி, குடலோட உள்தோல் புண்ணா இருக்கும், சாப்பாட்டுல இருக்கிற இதே வகை சர்க்கரை அது வழியா ரத்தத்துல கலந்து சும்மாவே பாசிட்டிவ் காட்டலாம். ஆக இவருக்கு நெகட்டிவ் வந்தாலும் சந்தேகம், லேசா பாசிட்டிவ் வந்தாலும் சந்தேகம். அப்புறம் எல்லாத்தையும் விட முக்கியம், மியூக்கர் இந்த சர்க்கரையை காட்டவே காட்டாது. நெகட்டிவ்னா மியூக்கரை பத்தி அது ஒண்ணுமே சொல்லல.

பீட்டா டி குளூக்கான்னு இன்னொரு ரத்த டெஸ்ட் சொல்லுவாங்க. நிறைய ஃபங்கஸுக்கு பொதுவான ஒண்ணை தேடறது. நியூமோசிஸ்டிஸை விலக்கறதுக்கு நல்லது, நெகட்டிவ்னா அது இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. ஆனா இதுவும் மியூக்கரை பிடிக்காது, இம்யூனோகுளோபுலின் ஏத்தினாலோ, ஆல்புமின் ஏத்தினாலோ, சில வகை டயாலிசிஸ் மெம்பிரேன்னாலயோ தப்பா ஏறும், ட்ரான்ஸ்பிளான்ட் ஆளுங்களுக்கு இதெல்லாம் அடிக்கடி நடக்கிறதுதான். நான் இதை மட்டும் வெச்சு எந்த முடிவுக்கும் போறதில்ல. பிசிஆர்னு ஃபங்கஸோட டிஎன்ஏ தேடற டெஸ்ட் 2020 வரையறையில உள்ள வந்திருக்கு, ரத்தத்துல ஒரு தடவை பாசிட்டிவ் பத்தாது, அடுத்தடுத்து ரெண்டு வேணும், இல்ல ரத்தத்துல ஒண்ணு, லவாஜ்ல, அதாவது நுரையீரல் கழுவின தண்ணியில, ஒண்ணு. மியூக்கருக்கு ரத்தத்துல பிசிஆர் பண்ற லேப் உங்களுக்கு எட்டற தூரத்துல இருந்தா கண்டிப்பா அனுப்பச் சொல்லுங்க, மத்த ரத்த டெஸ்ட் எல்லாம் மௌனமா இருக்கிற ஃபங்கஸுக்கு அது ஒண்ணுதான் ரத்தத்துலேர்ந்து குரல் கொடுக்கும், சில பேருக்கு மத்த வழியில தெரியறதுக்கு பல நாள் முன்னாடியே பாசிட்டிவ் ஆகும்.

இப்ப டியூப் விஷயம், உங்க பயமே அதுலதான்னு புரியுது. நடக்கிறது என்னன்னா, மெல்லிசு டியூபை மூக்கு வழியாவோ வாய் வழியாவோ விட்டு, சிடி-ல எந்த இடத்துல கட்டி இருக்கோ அந்த கிளைக்குழாய்ல போய் முனையை பதிய வெச்சு, சலைன் தண்ணியை கொஞ்சம் கொஞ்சமா விட்டு திரும்ப உறிஞ்சுவாங்க. மொத்தமா 100, 150 மில்லி போகும், பாதியோ அதுக்கும் குறைவோதான் திரும்ப வரும். அந்த பாட்டில் எங்க கைக்கு வரும்போது மேல லேசா நுரை நிக்கும், அது காத்துப்பையோட உள்பூச்சு கலந்து வந்ததுக்கு அடையாளம், நுரை இருந்தா சரியான ஆழத்துலேர்ந்து எடுத்திருக்காங்கன்னு எனக்கு ஒரு திருப்தி. ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா விட்டு எடுக்கிற தண்ணி வர வர சிவப்பு ஏறிக்கிட்டே போனா நுரையீரலுக்குள்ள பரவலா ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், அது வேற ஒரு கண்டுபிடிப்பு.

ரத்தக்கசிவு பயம் இருக்கிறது பயாப்ஸிக்கு, அதாவது உள்ள போய் கிள்ளி எடுக்கறதுக்கு. அதுக்கு பொதுவா 50 ஆயிரம் பிளேட்லெட் எதிர்பார்ப்பாங்க. வெறும் தண்ணி விட்டு எடுக்கறதுக்கு 20, 30 ஆயிரத்துலயே பண்றாங்க, வேணும்னா முன்னாடி ஒரு பை பிளேட்லெட் ஏத்திட்டு பண்ணுவாங்க. 32 ஆயிரம்ங்கிறது இதுக்கு தடை இல்ல. நிஜமா பார்க்க வேண்டியது ஆக்சிஜன். இப்பவே ஆக்சிஜன் நிறைய தேவைப்படற ஆள்னா டியூப் விட்டதுக்கு அப்புறம் இன்னும் மோசமாகி வென்டிலேட்டர் வரைக்கும் போற ஆபத்து உண்டு, அங்கதான் பண்ணலாமா வேண்டாமான்னு உட்கார்ந்து பேசணும். அண்ணன் ரூம் காத்துலயே ஆக்சிஜன் அளவு 96 காட்டறார்னு எழுதியிருக்கீங்க. அதனாலதான் இப்பவே பண்ணுங்கன்னு சொல்றேன், இன்னும் நாலு நாள் போய் மூச்சு வாங்க ஆரம்பிச்சா அப்போ ஆபத்தும் அதிகம், புது மருந்து அத்தனை நாள் ஓடியிருக்கும்ங்கறதால கிடைக்கிற விஷயமும் கம்மி. மருந்தை நிறுத்தி வெச்சுட்டு டெஸ்ட் பண்ணுங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க, மருந்து ஓடட்டும், டெஸ்ட் சீக்கிரம் நடக்கட்டும்.

அந்த தண்ணி வந்ததும் சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, அடியில படியறதை ஸ்லைடுல வெச்சு, கால்கோஃப்ளோர்ங்கிற சாயத்தை ஒரு சொட்டு விட்டு, இருட்டு ரூம்ல ஃப்ளோரசன்ட் மைக்ராஸ்கோப்ல பார்ப்போம். கருப்பு பின்னணியில ஃபங்கஸ் நூல் மட்டும் நீலமா வெளிச்சமா எரியும். 3லேர்ந்து 5 மைக்ரான் அகலத்துல ஒரே சீரா, நடுநடுவுல தடுப்பு கோடு போட்டு, 45 டிகிரி சாய்வுல கவட்டை மாதிரி பிரிஞ்சா ஆஸ்பர்ஜிலஸ் ஜாடை, ஆனா ஃபியூசேரியம், சிடோஸ்போரியம்ங்கிற வேற ஃபங்கஸுங்களும் அப்படியே தெரியும்ங்கிறதால ஜாடைன்னுதான் சொல்ல முடியும். அகலமா, ஒழுங்கில்லாம, முறுக்கிப்போட்ட ரிப்பன் மாதிரி, தடுப்பு கோடே இல்லாம, கிட்டத்தட்ட செங்குத்தா கிளை விட்டா மியூக்கர். இது கிடைச்சா எழுதி அனுப்பிட்டு உட்கார மாட்டோம், உடனே வார்டுக்கு போன் போடுவோம். சாம்பிள் வந்து ஒரு ரெண்டு மணி நேரத்துக்குள்ள இது முடிஞ்சிடும். வோரிகோனசோல் ஆஸ்பர்ஜிலஸுக்கு முதல் மருந்து, மியூக்கர்கிட்ட அது சுத்தமா எடுபடாது, அந்த ஒரு போன்ல மருந்தே மாறும்.

அதே தண்ணியில கேலக்டோமேனன் பண்ணுவோம், ஃபங்கஸ் இருக்கிற இடத்துலேர்ந்தே எடுத்ததுங்கறதால ரத்தத்துல நெகட்டிவ் வந்த நிறைய பேருக்கு இங்க பாசிட்டிவ் வரும். 2020 வரையறையில லவாஜுக்கு கோடு 1.0. ரத்தத்துல 0.7ம் லவாஜ்ல 0.8ம் சேர்ந்து வந்தாலும் ஏத்துக்கறாங்க. அண்ணனோட ரத்த நம்பரை கேட்டு வாங்கச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கல்ச்சர் தனிக்கதை. ஆஸ்பர்ஜிலஸ் ஃப்யூமிகேட்டஸ் ரெண்டு மூணு நாள்ல தட்டுல புகைநீலம் கலந்த பச்சையா, வெல்வெட் துணி விரிச்ச மாதிரி வரும். ஆனா நோய் நிஜமா இருக்கிறவங்கள்லயே பாதிக்கு மேல கல்ச்சர் வளராது, அதனால "கல்ச்சர் நெகட்டிவ்"னு ரிப்போர்ட் வந்தா அதையும் இல்லைன்னு எடுத்துக்காதீங்க. வளர்ந்தா கிடைக்கிற லாபம் பெருசு, எந்த இனம், எந்த மருந்துக்கு கேட்கும்னு தெரியும். ஆஸ்பர்ஜிலஸ் டெரியஸ் ஆம்ஃபோடெரிசின்ங்கிற ஃபங்கஸ் மருந்துக்கு கேட்காது. ஃப்யூமிகேட்டஸ்லயே அசோல் மருந்துக்கு (வோரிகோனசோல், போசகோனசோல் எல்லாம் இந்த வகை) கேட்காத வகைங்க இருக்கு, விவசாயத்துல தெளிக்கிற அசோல் பூஞ்சை மருந்துனால உருவாகி காத்துல வர்றதுன்னு நெதர்லாந்துல முதல்ல கவனிச்சாங்க, இப்ப பல நாட்டுல பார்க்கறாங்க, நோயாளி வாழ்நாள்ல அசோலே எடுக்காம இருந்தாலும் இது வரலாம். சளியிலயோ லவாஜ்லயோ கேண்டிடாங்கிற ஈஸ்ட் வகை ஃபங்கஸ் வளர்ந்திருக்குன்னு ரிப்போர்ட் வந்தா பதறாதீங்க, அது வாயில இருக்கிறது கூட வந்தது, கேண்டிடாவால நிமோனியா வர்றது ரொம்ப அபூர்வம். இதை நம்பி நிஜமான காரணத்தை தேடறதை நிறுத்தினதை பார்த்திருக்கேன், அதான் அழுத்தி சொல்றேன்.

லவாஜ்லேர்ந்து சிஎம்வி, மூச்சு வைரஸ் எல்லாத்துக்கும் பிசிஆர், சாதாரண பாக்டீரியா, டிபி, நோகார்டியா, நியூமோசிஸ்டிஸ் எல்லாம் சேர்த்தே போகணும். ஒண்ணு கிடைச்சதும் வேட்டை முடிஞ்சதுன்னு இந்த ஆளுங்ககிட்ட நினைக்கவே கூடாது, இன்ஃப்ளூயன்சாவோ கோவிடோ வந்த நுரையீரல்லயே பின்னாடி ஆஸ்பர்ஜிலஸ் ஏறும்.

உங்க ரெண்டாவது கேள்வி, ஏன் உறுதியா சொல்ல மாட்டேங்கிறாங்க. நிரூபணம்ங்கிற வார்த்தையை நாங்க பயன்படுத்தணும்னா திசுவை கிள்ளி எடுத்து அதுக்குள்ள ஃபங்கஸ் நூல் புகுந்திருக்கிறதை மைக்ராஸ்கோப்ல பார்க்கணும், இல்ல கிருமியே இருக்கக்கூடாத இடத்துலேர்ந்து எடுத்ததுல அது வளரணும். ஆபத்தான ஆள், சிடி-ல ஒத்துப்போற கட்டி, கூட லவாஜ்லயோ ரத்தத்துலயோ ஒரு ஆதாரம், இது மூணும் இருந்தா "அநேகமா". ஆதாரம் மட்டும் இல்லைன்னா "இருக்கலாம்". அண்ணன் இப்ப இந்த மூணாவது படியில இருக்கார். இந்த மூணு படியும் மருந்து ஆராய்ச்சியில எல்லாரும் ஒரே மாதிரி ஆளுங்களை சேர்க்கணும்னு போட்டது, படுக்கையில இருக்கிற ஆளுக்கு மருந்து கொடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண போட்டது கிடையாது. "இருக்கலாம்"னு டாக்டர் சொல்லும்போது அவருக்கு தெரியலைன்னு நினைக்காதீங்க, அந்த வார்த்தைக்கு அவ்ளோ துல்லியமான அர்த்தம் இருக்கு. லவாஜ்ல எதுவும் வராம, மருந்துக்கும் கேட்காம கட்டி வளர்ந்துக்கிட்டே போனா அப்போ சிடி வழிகாட்டி ஊசி பயாப்ஸியை பத்தி பேசுவாங்க, அதுக்கு பிளேட்லெட்டும் வேணும், கட்டி நெஞ்சுச்சுவரை ஒட்டி இருந்தா சுலபம், நுரையீரல்ல காத்து கசியற ஆபத்தும் உண்டு.

நீங்க இன்னைக்கே டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, போசகோனசோல் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு லெவல் பார்த்தாங்களா. தடுப்புக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல ஒரு லிட்டருக்கு இருக்கணும்னு எதிர்பார்க்கறது. குடல் ஜிவிஎச்டி, வயித்துப்போக்குன்னு இருக்கிற ஆளுக்கு மாத்திரை போறது வேற, ரத்தத்துல சேர்றது வேற. லெவல் தரைமட்டமா இருந்தா சாதாரண ஆஸ்பர்ஜிலஸே தடுப்பை மீறி வந்திருக்கலாம். லெவல் நல்லா இருந்தும் கட்டி வந்திருக்குன்னா மருந்துக்கு கேட்காத வகையா, மியூக்கரா, இல்ல ஃபங்கஸே இல்லையான்னு யோசனை வேற திசையில போகும். இதையும் நான் ஒரு டெஸ்டாவேதான் பார்க்கிறேன். தினமும் குளிப்பாட்டும்போது உடம்பையும் பாருங்க, புதுசா வலிக்கிற சிவப்பு தடிப்பு, நடுவுல கருத்துப்போனா ஃபியூசேரியமா இருக்கலாம், அது ஆஸ்பர்ஜிலஸ் மாதிரி இல்லாம ரத்த கல்ச்சர்லயே நல்லா வளர்றது. மூக்கடைப்பு, கன்னத்துல வலி, முகம் ஒரு பக்கம் வீக்கம் இருந்தா அந்த நிமிஷமே சொல்லுங்க, சைனஸுக்கும் சிடி எடுப்பாங்க, அங்கேர்ந்து திசு எடுக்கிறது நுரையீரல்ல எடுக்கிறதை விட சுலபம்.

ஒரு வாரம் கழிச்சு மறுபடி சிடி எடுத்தா கட்டி பெருசா இருக்கலாம், மருந்து சரியா வேலை செஞ்சாலும் முதல் ஒரு வாரம் பத்து நாள் அப்படி வளர்றது இதோட வழக்கம். 2001 ஆய்வுலயும் முதல் வாரத்துல கட்டியோட அளவு ஏறக்குறைய நாலு மடங்கு ஆகி அப்புறம்தான் நின்னுச்சு. அந்த ரிப்போர்ட்டை கையில வெச்சுக்கிட்டு மருந்து கேக்கலைன்னு நீங்க இடிஞ்சு போயிடக்கூடாதுன்னுதான் முன்னாடியே சொல்றேன். ஆனா சளியில ரத்தம் கூடினா அது வேற, உடனே சொல்லணும்.

கடைசியா, சாம்பிளோட போற ஃபார்ம். சில வருஷம் முன்னாடி எங்க லேபுக்கு ஒரு சின்ன நுரையீரல் திசு வந்தது, ஃபார்ம்ல "நிமோனியா, கல்ச்சர்"னு ரெண்டே வார்த்தை. ட்ரான்ஸ்பிளான்ட்னு இல்ல, ஃபங்கஸ் சந்தேகம்னு இல்ல. வழக்கம்போல திசுவை அரைச்சு தட்டுல போட்டாங்க. மீதி துண்டை நான் ஸ்லைடுல பார்த்தப்ப ரிப்பன் ரிப்பனா மியூக்கர், ஆனா தட்டுல எதுவுமே வளரல. மியூக்கரோட நூல்ல தடுப்பு கிடையாது, அரைச்சா உள்ள இருக்கிறதெல்லாம் கொட்டி செத்துப்போகும், அதை பிளேடால சின்னச்சின்னதா நறுக்கித்தான் போடணும். ஸ்லைடு இருந்ததால மருந்து மாறிடுச்சு, ஆனா எந்த இனம், எதுக்கு கேட்கும்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சு. அதனால ப்ராங்கோஸ்கோப்பி அன்னைக்கு ரூம் வாசல்ல நிக்கும்போது நர்ஸ்கிட்ட கேளுங்க, ஃபார்ம்ல இன்னொருத்தர் ஸ்டெம் செல் கொடுத்த ட்ரான்ஸ்பிளான்ட், 74வது நாள், ஸ்டீராய்டு, போசகோனசோல் எத்தனை நாளா, புது மருந்து என்னைக்கு ஆரம்பிச்சது, மியூக்கர் சந்தேகம் உண்டா, இவ்வளவும் எழுதியிருக்கான்னு. ரிப்போர்ட் வந்ததும் நம்பரோட இங்கேயே போடுங்க, நான் பார்த்துட்டு பதில் எழுதறேன்.